விவேக் முதல் மார்ட்டின் பெக் வரை... போலீஸ் நாவல் படிக்க, சேகரிக்க ஒரு கைடு!

மேச்சேரியில பஸ் ஏறி சேலம் புது பஸ் ஸ்டாண்டுல இறங்குறதுக்குள்ள ஒரு கொலை நடந்து, கைரேகை எடுத்து, ஆளைப் பிடிச்சு விலங்கும் மாட்டிடலாம். அதுக்குத் தேவை ஒரு பாக்கெட் நாவல் மட்டும்தான். நம்ம அப்பா, அம்மா தலைமுறைக்கு இதுதான் வெப் சீரிஸ். பஸ் ஸ்டாண்ட் கடையில கிளிப் போட்டுத் தொங்கும். வாங்கி, படிச்சு, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து, கடைசியில பழைய பேப்பர் கடைக்குப் போகும்.

அந்தக் கடைசி ஸ்டாப்தான் பிரச்னை. எடைக்குப் போட்ட நாவல் திரும்பி வராது. மாத இதழா வந்ததால, 'படிச்சு முடிச்சாச்சுன்னா தூக்கிப் போடு' என்றுதான் வீடுகளில் நினைத்தார்கள். தமிழ்நாடே படித்த ஒரு கதை உலகம் பரணில் இருந்து காணாமல்போய்க்கொண்டிருக்கிறது. அதை ரசிக்கவும் காப்பாற்றவும் ஆசை இருந்தா, இந்த கைடு உங்களுக்குத்தான்.

போலீஸ் நாவல்னா என்ன?

எல்லா துப்பறியும் கதையும் போலீஸ் நாவல் இல்லை. ஷெர்லக் ஹோம்ஸ் தனி ஆள்; மூளையை வைத்துக் கண்டுபிடிப்பார். போலீஸ் நாவலில் கண்டுபிடிப்பது ஒரு டிபார்ட்மென்ட். எஃப்.ஐ.ஆர், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், வீடு வீடாக விசாரணை, மேலதிகாரியின் திட்டு, ஆறிப்போன டீ... இந்த வேலை முறைதான் கதையின் சுவாரஸ்யமே.

உலக அளவில் இதற்குப் பெரிய பெயர் எட் மெக்பெய்ன். 1956-ல் 'காப் ஹேட்டர்' நாவலில் தொடங்கி, 2005 வரை '87-வது ப்ரீஸிங்க்ட்' வரிசையில் 50-க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். ஒரே ஸ்டேஷன், அதே போலீஸ்காரர்கள், புதுப் புது வழக்குகள். அதில் ஒன்றான 'கிங்ஸ் ரான்சம்' நாவலைத்தான் அகிரா குரோசவா 1963-ல் 'ஹை அண்ட் லோ' படமாக எடுத்தார். ஸ்வீடனில் மாய் ஷோவால், பெர் வாலூ ஜோடி 1965 முதல் 1975 வரை எழுதிய மார்ட்டின் பெக் வரிசையில் சரியாக 10 நாவல்கள். குற்றத்தோடு சேர்த்து ஒரு நாட்டையே விசாரித்த கதைகள் அவை.

தமிழில் யார் யார்?

1894-லேயே பண்டித நடேச சாஸ்திரி, 'தானவன்' என்ற போலீஸ் நிபுணனை வைத்துத் தமிழில் எழுதிவிட்டார். ஆனா, அதற்குப் பிறகு நம் மனசைப் பிடித்த ஹீரோக்களில் பலர் காக்கிக்கு வெளியே இருந்தவர்கள். தேவனின் சாம்பு, பேங்க் குமாஸ்தா. சுஜாதாவின் கணேஷ் - வசந்த், வக்கீல்கள். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா, சுபாவின் நரேந்திரன் - வைஜயந்தி எல்லாம் பிரைவேட் டிடெக்டிவ்கள்.

டிபார்ட்மென்ட் பக்கம் நின்று பல பத்தாண்டுகளாக ஓடுகிற பெரிய வரிசை என்றால், கோவைக்காரர் ராஜேஷ்குமாரின் விவேக் நாவல்கள்தான். விவேக், க்ரைம் பிராஞ்ச் அதிகாரி. மனைவி ரூபலா, கலாய்ப்பதற்கென்றே பிறந்த உதவியாளர் விஷ்ணு. 1947-ல் பிறந்த ராஜேஷ்குமார் 1,500-க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர். ஜி.அசோகன் வெளியிட்ட 'க்ரைம் நாவல்' மாத இதழ் என்றாலே இவர் பெயர்தான் ஞாபகத்துக்கு வரும்.

இவை மெக்பெய்ன் மாதிரி முழுக்க முழுக்க ஸ்டேஷன் வாசனை அடிப்பவை அல்ல. சயின்ஸ், சஸ்பென்ஸ், கொஞ்சம் குடும்பம் எல்லாம் கலந்த நம்ம ஊர் மசாலா. பல நாவல்களில் சம்பந்தமே இல்லாத மாதிரி இரண்டு கதைகள் மாறி மாறி ஓடும். இரண்டும் எங்கே போய் முட்டிக்கொள்ளும் என்று யோசிப்பதுதான் பாதி கிக்.

சேலத்துக்கும் இந்த க்ரைம் ருசியில் பங்கு உண்டு. 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி சங்கர்' (1970) என ஜெய்சங்கரைத் துப்பறிய வைத்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ்தானே!

எங்கே தொடங்கலாம்?

* சினிமா வழியா: அருண் விஜய் நடித்த 'குற்றம் 23' (2017) ராஜேஷ்குமார் நாவலைத் தழுவியது. 'அயன்', 'கோ' படங்களின் எழுத்தில் பங்கு பெற்ற சுபாதான் நரேந்திரன் - வைஜயந்தியை உருவாக்கிய இரட்டையர். படம் பிடித்திருந்தா, நாவலும் பிடிக்கும்.

* வரிசை தேவையா? விவேக் நாவல்கள் தனித்தனிக் கதைகள். கைக்குக் கிடைத்ததில் இருந்து தொடங்கலாம். மார்ட்டின் பெக்கை மட்டும் முதல் நாவலான 'ரோசன்னா'விலிருந்து வரிசையாகப் படியுங்க. அவருடைய குடும்ப வாழ்க்கையும் கூடவே நகரும்.

* போனில் படிக்க: கிண்டில், புஸ்தகா போன்ற தளங்களில் ராஜேஷ்குமார் நாவல்கள் நிறைய கிடைக்கின்றன. முதலில் இரண்டு, மூன்று படித்துப் பாருங்க. பிடித்த பிறகு பேப்பர் பிரதியைத் தேடலாம்.

படிக்கும்போது ஒரு கேம்

பழைய நாவல்களில் கொலை என்றால் 302, மோசடி என்றால் 420. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்துவிட்டதால், கொலைக்கான தண்டனை இப்போ 103-வது பிரிவு, மோசடி 318. அந்த ஒரு நம்பரே கதை எந்தக் காலத்தது என்று சொல்லிவிடும். டிரங்க் கால், தந்தி எல்லாம் வந்தா இன்னும் பழசு. தந்தி சேவை 2013 ஜூலையோடு முடிந்தது.

இன்னொன்று. கடைசி அத்தியாயத்தில் வில்லன் போலீஸிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வான், கதை முடிந்துவிடும். நிஜத்தில் அங்கேதான் கஷ்டம் ஆரம்பிக்கும். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவனுக்கு எதிரான சாட்சியாக கோர்ட்டில் காட்ட முடியாது. 1872 சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த விதி புதுச் சட்டத்திலும் தொடர்கிறது. அவன் சொன்ன தகவலை வைத்துக் கத்தியைத் தேடி எடுத்தால், அந்த அளவுக்கு மட்டும் அவன் பேச்சு செல்லும். ஆகவே, படித்து முடித்ததும் கேளுங்க: 'இந்த ஆதாரத்தை வச்சு விவேக் கேஸை ஜெயிப்பாரா?' நண்பர்களோடு சண்டை போட இதைவிட நல்ல டாபிக் இல்லை.

சேகரிப்பு: எங்கே, எப்படி?

முதல் இடம் உங்க வீட்டுப் பரண். அடுத்து பெரியம்மா, சித்தப்பா வீடுகள். 'எடைக்குப் போடுறதா இருந்தா என்கிட்ட சொல்லுங்க'ன்னு ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டாலே போதும். பிறகு மேச்சேரி, மேட்டூர், ஓமலூர் பக்கமுள்ள பழைய பேப்பர் கடைகள். கட்டு பிரிப்பதற்கு முன்னால் கடைக்காரரிடம் சொல்லிவைக்கணும்; எடையைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்தா, எடுத்துவைப்பாங்க. மூடிய வாடகை நூல் நிலையங்களின் பழைய ஸ்டாக்கும் தேடத் தகுந்தது. சேலம் புத்தகக் கண்காட்சி, ஆகஸ்ட் மாத ஈரோடு புத்தகத் திருவிழாவில் மறுபதிப்புகள் கிடைக்கும்.

எல்லாவற்றையும் வாங்க நினைச்சா மூச்சு முட்டும். எல்லை போட்டுக்குங்க: விவேக் மட்டும், அல்லது 1980-கள் மட்டும், அல்லது பிடித்த ஓர் ஓவியரின் அட்டைகள் மட்டும்.

வாங்கும் முன் மூணு செக்:

1. கடைசிப் பக்கம் இருக்கா? கொலைகாரன் பெயர் இருக்கிற தாளே கிழிந்துபோன நாவல், வாசகருக்குச் செய்யும் துரோகம்!

2. அட்டையும் உள்பக்கமும் ஒரே இதழுடையதுதானா?

3. மாதம், வருடம், விலை தெரியுதா? முதல் பதிப்பா, மறுபதிப்பா என்று கண்டுபிடிக்க அதுதான் க்ளூ.

வீட்டுக்கு வந்ததும் போனில் ஒரு ஷீட் திறந்து தலைப்பு, இதழின் பெயர், மாதம், ஓவியர், பிரதியின் நிலைமை எல்லாம் குறித்துவைங்க. அட்டையையும் போட்டோ எடுங்க. டபுள் வாங்கி ஏமாற மாட்டீங்க. கூடவே, இது ஒரு ஆவணமாகவும் மாறும்.

பத்திரமா வைக்க...

இந்த நாவல்கள் மலிவான நியூஸ்பிரின்ட் தாளில் வந்தவை. மரக்கூழில் இருக்கும் அமிலத்தால் தாள் பழுப்பேறி நொறுங்கும். வெயிலும் ஈரமும் அதை வேகப்படுத்தும். எனவே, ஜன்னல் ஓரமும் வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கும் பரணும் வேண்டாம். இரும்பு பீரோவின் நடுத்தட்டு நல்லது. செலோ டேப் ஒட்டவே கூடாது. பசை ஊறிக் கறையாகும். துருப்பிடித்த பின்னை மெதுவாக எடுத்துவிட்டு, பருத்தி நூலால் தைக்கலாம். மாதம் ஒருமுறை புரட்டிப் பார்த்தாலே இராமபாணப் பூச்சி அண்டாது.

ஒரு விஷயம் கண்டிப்பா வேண்டாம்: முழு நாவலை ஸ்கேன் பண்ணி டெலிகிராமில் போடுவது. இந்தியாவில் எழுத்தாளரின் ஆயுள், அதற்கு மேல் 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. நமக்குப் பிடித்த எழுத்தாளர்களின் சோறு அது. அட்டைப்படத்தைப் பகிரலாமே, 'இது யாரிடமாவது இருக்கா?'ன்னு கேட்கலாமே!

இதெல்லாம் எதுக்கு?

1954-ம் ஆண்டுச் சட்டப்படி வெளியாகும் புத்தகத்தின் ஒரு பிரதி சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போகணும். சென்னை ரோஜா முத்தையா நூலகமோ ஒரு தனி மனிதர் கோட்டையூரில் ஆசையாகச் சேர்த்த தொகுப்பில் இருந்து 1994-ல் உருவானது. யாரும் சொல்லாமலே அவர் சேர்த்தார். இன்றைக்கு உலக ஆராய்ச்சியாளர்கள் அங்கே வந்து படிக்கிறார்கள்.

ஓரத்தில் 'நான் அப்பவே சொன்னேன், இவன்தான் கொலைகாரன்' என்று யாரோ பென்சிலில் கிறுக்கிய பிரதி, முதல் பக்கத்தில் மேச்சேரி என்று பெயரோடு எழுதிவைத்த பிரதி... இதெல்லாம் எந்தக் கடையிலும் புதுசாகக் கிடைக்காது. நம்ம ஊர் என்ன படித்தது, எதற்குப் பயந்தது, யாரை நம்பியது என்பதற்கு இருக்கும் தடயம் இதுதான். தடயத்தை அழியவிடாமல் பார்த்துக்கொள்வதுதானே விசாரணையின் முதல் பாடம்?