கோபே நகரின் மலையும் பள்ளிவாசலும்

ஜப்பானுக்குப் பயணம் என்றதும் நம் இல்லங்களில் பெரியவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள்?" என்பதுதான். கேள்வி நியாயமானதே. சோறும் மீனும் உண்ணும் நாடுதானே என்று நம்பிச் செல்பவர்கள், அரிசியில் வடித்த மதுவும், மிரின் என்னும் இனிப்பு மதுவும் அந்நாட்டுச் சமையலில் எத்துணைத் தாராளமாகப் புழங்குகின்றன என்று அறிந்ததும் திகைத்துப் போகின்றனர். ராமென் என்னும் சேமியா வகையின் சாறு பல கடைகளில் பன்றி எலும்பில் காய்ச்சப்படுவது. காய்கறிக் குழம்பு என்று கருதி நாம் வாங்குவதிலும் மது கலந்திருக்கக் கூடும்.

ஆயினும் இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே விடை கண்ட ஒரு நகரம் ஜப்பானில் உண்டு. அதுவே கோபே. மூன்று நான்கு நாள்கள் பரபரப்பின்றித் தங்கி, மலையையும் நீரையும் கண்டு மனம் ஆற விரும்புவோருக்கும் ஏற்ற ஊர் அது. வடக்கே ரொக்கோ மலைத்தொடர், தெற்கே கடல். இரண்டுக்கும் இடையே ஒடுங்கிய நிலத்தில் நீண்டு கிடக்கிறது நகரம். விரைவு ரயில் நிற்கும் ஷின்-கோபே நிலையத்தின் பின்புறமிருந்து கால் மணி நேரம் மேலேறி நடந்தால் நுனோபிக்கி அருவி நம் கண் முன்னே விழுகிறது. நான்கு அருவிகளுள் பெரியது 43 மீட்டர் உயரமுடையது. அதற்கும் மேலே, நகரின் குடிநீருக்காக 1900இல் கட்டி முடிக்கப்பட்ட அணை. இங்கிருந்து நீர் நிரப்பிச் சென்ற கப்பலோட்டிகள், பூமத்திய ரேகையைக் கடந்தாலும் கோபே நீர் கெடாது என்று பெருமை பேசினார்களாம்.

இன்று அடர்ந்து நிற்கும் இந்தக் காடு இயற்கை தந்தவாறே நிற்பதன்று. விறகுக்காக மரங்கள் வெட்டப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இம்மலை மொட்டையாகவே கிடந்தது. மழை பெய்தால் மண் சரிந்து ஊருக்குள் இறங்கியது. 1902இல்தான் மரம் நடும் பணி தொடங்கிற்று. 1938ஆம் ஆண்டு ஜூலைப் பெருவெள்ளத்தில் நூற்றுக்கணக்கானோர் மாண்ட பின்னரும் அப்பணி கைவிடப்படவில்லை. நாம் நிழலில் நடக்கும் பாதைகளுக்குப் பின்னே இப்படி ஒரு பாடு இருக்கிறது.

இனிப் பள்ளிவாசலின் வரலாற்றுக்கு வருவோம். கோபே துறைமுகம் 1868இல் அயல்நாட்டாருக்குத் திறந்துவிடப்பட்டது. 1890இல் உதுமானியப் போர்க்கப்பல் எர்துக்ருல், ஜப்பான் பேரரசரைக் கண்டு திரும்பும் வழியில் புயலில் சிக்கி உடைந்தபோது, உயிர் தப்பிய 69 பேர் சிகிச்சைக்காகக் கோபேக்கே கொண்டுவரப்பட்டனர். 1923ஆம் ஆண்டு நிலநடுக்கம் யோகோஹாமாவை அழித்த பிறகு, அங்கு வாணிபம் செய்துவந்த இந்தியர் பலர் கோபேயில் குடியேறினர். அதே காலத்தில் ரஷ்யப் புரட்சியால் நாடிழந்த தாத்தாரிய முஸ்லிம்களும் வந்து சேர்ந்தனர். அவர்களுட் பலர் கம்பளித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றுப் பிழைத்தவர்கள். பொருளுடைய வணிகரும் ஊரற்ற அகதியும் ஒரே வரிசையில் தொழுவதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. 1928இல் அதற்கென ஒரு குழு அமைந்தது. 1935இல் பள்ளிவாசல் திறக்கப்பட்டது. கட்டட வரைவைத் தந்தவர் செக் நாட்டவரான ஷ்வாகர். ஜப்பானில் கிறித்தவ ஆலயங்கள் பல கட்டிய அவர் கைகளே குவிமாடத்தையும் மினாராக்களையும் வரைந்தன என்பது நமக்கு வியப்பளிக்கிறது.

எட்டே ஆண்டுகளில் சோதனை வந்தது. 1943இல் ஜப்பானியக் கடற்படை பள்ளிவாசலைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. 1945ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலும் ஜூன் மாதத்திலும் அமெரிக்க விமானங்கள் பொழிந்த தீக்குண்டுகளில் நகரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. சுற்றுப்புறம் எரிந்து கிடக்க, உறுதியான கட்டுமானத்தால் இறையில்லம் மட்டும் சுவரில் விரிசலும் புகைக் கறையுமாக நின்றது. அந்நாளில் எடுத்த புகைப்படத்தைப் பார்த்தவர்கள் அதனை எளிதில் மறக்கமாட்டார்கள். 1995 ஜனவரி 17 அன்று, ரமலானுக்கு இரு வாரங்களே இருந்தபோது, விடியுமுன் நிலம் நடுங்கி 6,400 பேருக்கு மேல் உயிரிழந்தனர். அப்போதும் பள்ளிவாசல் விழவில்லை. ஜப்பானில் இன்று நிற்கும் பள்ளிவாசல்களில் இதுவே மிகப் பழமையானது. 1938இல் எழுந்த தோக்கியோ பள்ளிவாசல் பழுதுற்று 1986இல் இடிக்கப்பட்டு, 2000இல் புதிதாகக் கட்டப்பட்டது.

கட்டியவர்கள்தாம் நிலைக்கவில்லை. எந்நாட்டுக் குடியுரிமையும் இன்றித் தவித்த தாத்தாரியர்களுக்கு 1950களில் துருக்கி குடியுரிமை வழங்கியது. பலர் அங்கும் அமெரிக்காவுக்கும் பெயர்ந்தனர். அவர்கள் விட்டுச் சென்ற தொழுகை வரிசையில் இன்று பாகிஸ்தானியரும் இந்தோனேசியரும் அரபியரும், இஸ்லாத்தைத் தழுவிய ஜப்பானியரும் நிற்கின்றனர். பள்ளிவாசல் இருக்கும் கித்தானோ மேட்டில் ஹலால் இறைச்சியும் மளிகையும் விற்கும் கடைகளும், இந்திய, பாகிஸ்தானிய உணவகங்களும் இருப்பது இந்தப் பழைய குடியிருப்பின் தொடர்ச்சியே. சுற்றுலாப் பயணிகளைக் கவரவேண்டி அண்மையில் பல நகரங்களில் தொங்கவிடப்பட்ட ஹலால் பலகைகளுடன் இதனைச் சேர்த்து எண்ணிவிடக் கூடாது. ஜப்பானியச் சுவையையே நாடுவோர் மது சேராத மீன் உணவைக் கேட்டு அறிந்து உண்ணலாம். இறாலையும் கணவாயையும் குறித்து ஷாபி மத்ஹபினர் தயங்க வேண்டியதில்லை. நம் ஹனபிச் சகோதரர்கள் தங்கள் உலமாக்களைக் கேட்டுக்கொள்வார்களாக.

காலையில் அருவிக்கும் அணைக்கும் ஏறி இறங்கினால் லுஹருக்குள் பள்ளிவாசலை அடைந்துவிடலாம். நடந்தே போகும் தொலைவுதான். கிப்லா அங்கும் நம் ஊரைப் போலவே மேற்கில் சற்றே வடக்கு சாய்ந்திருக்கிறது. தொழுது முடித்து வெளியே வந்தால், மினாராக்களுக்குப் பின்னே, நட்டு வளர்த்த அந்த மலை பசுமையாய்த் தெரியும்.