ஸ்பிரிங்க்ளர் (தானியங்கி நீர்த்தெளிப்பான்)

தீயின் வெப்பத்தால் தானே திறந்து நீர் தெளிக்கும் கூரைக் கருவி. அதன் முனையிலுள்ள சிவப்புக் கண்ணாடிக் குமிழ் 68 பாகை செல்சியஸில் உடையும். உடைந்த முனையில் மட்டுமே நீர் பாயும். எங்கே வேண்டும் என்பதைப் போலவே எங்கே வேண்டாம் என்பதும் இதில் முக்கியம். அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 13 என்னும் தீப்பாதுகாப்பு நெறிமுறை, வீடுகளில் 55 சதுர அடிக்கு (சுமார் 5.1 ச.மீ.) மிகாத, சுவரும் கூரையும் எளிதில் தீப்பற்றாத குளியலறைகளுக்கு விலக்கு தருகிறது, அங்கே எரியக்கூடிய பொருள் குறைவு.

விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசி வட்டாரப் பட்டாசு ஆலைகளில் இக்கருவி வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு. அலுமினியத் தூள் கலந்த வெடிமருந்தில் ஈரம் பட்டால் வேதிவினை நிகழும், சூடேறும், ஹைட்ரஜன் வெளிப்படும், மருந்து தானே பற்றவும் கூடும். வெடிமருந்து எரிய வெளிக்காற்றும் தேவையில்லை. பொட்டாசியம் நைட்ரேட் போன்ற உப்புகளே ஆக்சிஜன் தரும். குமிழ் உடைவதற்குள் அறையே சிதறிவிடும்.

எனவே இங்கே உயிர்காப்பவை அறைகளுக்கிடையே விடும் இடைவெளி, வெளிப்புறம் திறக்கும் கதவு, உடலின் நிலைமின்சாரத்தை இறக்கத் தொழிலாளர் தொடும் செப்புத் தகடு, ஓர் அறையில் இருக்கக்கூடிய ஆள் வரம்பு ஆகியவையே. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆள் வரம்பையும் மருந்தின் அளவு வரம்பையும் மீறுவது மன்னிக்க முடியாத குற்றம்.