மணலில் எழுதியதும் வலையில் எழுதியதும்

சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்பவர்கள் நம் வயதுக்காரர்களில் நிறையப் பேர். கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஆரம்பப் பள்ளிக்குள் ஒரு புதுக் கருவி நுழைவது இது முதல் தடவை அல்ல. இதற்கு இருநூறு வருஷத்துக்கும் மேற்பட்ட கதை உண்டு. அதன் முதல் அத்தியாயம் நம் சென்னை எழும்பூரில் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது.

ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1787-ல் இந்தியாவுக்கு வந்தார். 1789-ல் எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைச் சிறுவர்களுக்காக ஏற்பட்ட விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். பிள்ளைகளுக்கு எழுத்து ஏறவில்லை. ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது, உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து வழக்கம்தான். காகிதம் வேண்டாம், மை வேண்டாம், பிழையாக எழுதினால் கையால் ஒரு தடவு தடவினால் போதும். பெல் அதை அப்படியே தம் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார். பெரிய ஆசிரியர்கள் இந்த முறைக்கு ஒத்துழைக்காததால், எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டே சின்னவர்களுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்க வைத்தார். நம் ஊரில் சட்டாம்பிள்ளை என்போமே, அதே ஏற்பாடு.

பெல் 1796-ல் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டே தம் அனுபவத்தைச் சின்னப் புத்தகமாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. 1811-ல் தொடங்கிய தேசியச் சங்கம் அந்த முறையில் ஆயிரக்கணக்கான பள்ளிகளை நடத்தியது. பெல் 1832-ல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். அவருடைய பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர்.

மணலுக்குப் பிறகு சிலேட்டு. நம்மில் யாருக்கும் அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பலப்பம், உடைந்த பலப்பம், கரியும் கோவை இலையும் அரைத்துத் தேய்த்த கறுப்பு, எச்சில் தொட்டு அழித்ததற்கு வாங்கிய அடி எல்லாம் நினைவிருக்கும். மணலுக்கும் சிலேட்டுக்கும் ஒரே குணம். எழுதியது அழிந்துவிடும். செலவு குறைந்ததற்குக் காரணமும் அதுதான். பிள்ளை எழுதியதை வாத்தியார் ஒருவர் பார்ப்பார், சரி என்பார், தப்பு என்பார், அதோடு முடிந்தது. நோட்டுப் புத்தகம் வந்த பிறகும் பெரிய மாற்றம் இல்லை. சிவப்பு மையில் ஒரு 'சரி' போட்டதும் அந்த எழுத்தின் ஆயுசு முடிந்தது.

பிள்ளை எழுதியதை வேறொருவர் படிக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் பிரான்ஸ் நாட்டு ஆசிரியர் செலெஸ்தான் ஃப்ரெனே. 1896-ல் பிறந்தவர். முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டடி பட்டவர். 1920-ல் தெற்கு பிரான்ஸில் பார்-சூர்-லூ என்ற மலைக் கிராமத்துப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். காயத்தால் அவருக்குத் தொடர்ந்து உரக்கப் பேச முடியாது. வாத்தியார் பேசிக்கொண்டே இருக்கும் வகுப்பு அவருக்கு ஒத்துவராது. அதனால் பிள்ளைகளை வெளியே நடக்க அழைத்துப் போனார். கண்டதை, கேட்டதை அவர்களே எழுதவேண்டும் என்றார். 1924-ல் சின்னக் கை அச்சு எந்திரம் ஒன்றை வாங்கி வகுப்பிலேயே வைத்தார்.

எழுதியவற்றில் எதை அச்சிடலாம் என்று பிள்ளைகளே கூடித் தேர்ந்தெடுப்பார்கள். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோப்பார்கள். ஒரு எழுத்து தலைகீழானாலும் தாளில் தெரிந்துவிடும் என்பதால், எழுத்துப் பிழை தானாகவே குறைந்தது. அச்சான தாள்கள் பெற்றோருக்குப் போயின. அதைவிட முக்கியமானது, நாட்டின் மறுகோடியில் அட்லாண்டிக் கடலோரம் பிரித்தானிப் பகுதியில் உள்ள த்ரெகங்க் ஊர்ப் பள்ளிக்கும் போயின. அங்கிருந்து பதில் வந்தது. மலைப்பிள்ளைகள் கடலைப் பற்றிப் படித்தார்கள், கடலோரப் பிள்ளைகள் மலையைப் பற்றி.

வினையும் கூடவே வந்தது. 1928-ல் செயின்ட்-பால் என்ற ஊருக்கு மாறிய ஃப்ரெனேயின் வகுப்பில் பிள்ளைகள் மனம்போல எழுதியவற்றை எடுத்து, 1930களின் தொடக்கத்தில் எதிர்த்தரப்பினர் அவருக்கு எதிராகவே பயன்படுத்தினார்கள். பெரிய சண்டையாகி, அவர் அந்தப் பள்ளியை விட்டு வெளியேற நேர்ந்தது. 1935-ல் வான்ஸ் ஊரில் சொந்தப் பள்ளி தொடங்கி, 1966-ல் இறக்கும்வரை தம் வழியை விடவில்லை. பிள்ளையின் எழுத்தை ஊர் படித்தால் என்ன ஆகும் என்ற பயம் இணையத்தோடு பிறந்ததல்ல.

அடுத்தது கம்ப்யூட்டர். 1967-ல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட்டும் கூட்டாளிகளும் 'லோகோ' என்ற கணினி மொழியைப் பிள்ளைகளுக்காகவே உருவாக்கினார்கள். 'இத்தனை அடி முன்னே போ, இத்தனை டிகிரி திரும்பு' என்று பிள்ளை கட்டளை போட்டால், திரையில் ஆமை ஒன்று நகர்ந்து கோடு போடும். நாலு முறை போய், நாலு முறை 90 டிகிரி திரும்பினால் சதுரம். பேப்பர்ட் அதற்கு முன் ஜெனீவாவில் குழந்தை மன ஆய்வாளர் பியாஜேயிடம் வேலை பார்த்தவர். 1980-ல் வந்த அவருடைய புத்தகத்தின் சாரம் இது: எந்திரம் பிள்ளையை ஆட்டிவைக்கக் கூடாது, பிள்ளைதான் எந்திரத்தை ஆட்டிவைக்க வேண்டும்.

1981 டிசம்பரில் பிரிட்டனில் பிபிசி மைக்ரோ கணினி வந்தது. பள்ளிகள் வாங்க அரசாங்கம் உதவியதால் ஆரம்பப் பள்ளிகள் வரை போனது. நம் நாட்டில் 1984-ல் மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு வந்ததும் அதே பிபிசி மைக்ரோதான். அப்போது வேலையில் இருந்த ஆசிரிய நண்பர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம்.

1999-ல் பிளாகர் என்ற சேவை வந்ததும் யார் வேண்டுமானாலும் வலைப்பதிவு தொடங்கலாம் என்றாயிற்று. சில ஆண்டுகளில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களும் அதைக் கையில் எடுத்தார்கள். ஃப்ரெனேயின் அச்சு எந்திரமும் தபால்காரரும் செய்ததை ஒரு கம்ப்யூட்டர் செய்தது. ஆனால் ஒரு பிரச்சினை. வகுப்புக்கு வலைப்பதிவு தொடங்குவது சுலபம், படிக்க ஆள் வரவேண்டுமே? 2010களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் போல்டன் நகர ஆரம்பப் பள்ளித் துணைத் தலைமையாசிரியர் ஒருவர் இதற்கு எளிய வழி கண்டார். நாலு பள்ளிகளை ஒரு குழுவாக்கினார். ஒரு வாரம் ஒரு பள்ளியின் முறை. மற்ற மூன்று பள்ளிப் பிள்ளைகளும் அந்த வாரம் அதைப் படித்துக் கருத்து எழுத வேண்டும். அடுத்த வாரம் அடுத்த பள்ளி. பந்தி பரிமாறுவது போல முறை வைத்ததும் பல நாட்டுப் பள்ளிகள் சேர்ந்துகொண்டன.

பிள்ளையின் எழுத்துக்கு எவ்வளவு பலம் என்பதை 2012-ல் ஸ்காட்லாந்து பார்த்தது. லாக்கில்ப்ஹெட் என்ற சிற்றூரின் ஆரம்பப் பள்ளியில் படித்த ஒன்பது வயதுச் சிறுமி, எழுத்துப் பழக்கத்துக்காக, அப்பாவின் உதவியோடு 'நெவர் செகண்ட்ஸ்' என்ற வலைப்பதிவு தொடங்கினாள். தினமும் பள்ளியில் போடும் மதியச் சாப்பாட்டைப் படம் எடுத்துப் போட்டு, எத்தனை வாய் சாப்பாடு என்று எண்ணி, மதிப்பெண்ணும் கொடுத்தாள். லட்சக்கணக்கானோர் படித்தார்கள். ஜூன் மாதம் அந்தப் பகுதி உள்ளாட்சி மன்றம் படம் எடுக்கத் தடை போட்டது. உலகம் முழுக்க எதிர்ப்பு எழுந்ததும், மறுநாளே தடையை விலக்கியது. இதற்கிடையில் அவள் வலைப்பதிவு வழியே பள்ளி உணவுக்கான தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டுப் பள்ளி ஒன்றில் அதிலிருந்து சமையற்கூடம் கட்டினார்கள்.

ஆபத்து இல்லாமல் இல்லை. முகம் தெரியாதவர்கள் பிள்ளையோடு பேசிவிடலாம். அதனால்தான் அமெரிக்கா 1998-லேயே, 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் விவரங்களைப் பெற்றோர் சம்மதமின்றிச் சேகரிக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. கவனமான ஆசிரியர்கள் பிள்ளையின் முழுப்பெயரும் படமும் போட மாட்டார்கள். வரும் கருத்துகளை முதலில் தாங்கள் படித்த பிறகே வெளியிடுவார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். அரசு ஆரம்பப் பள்ளிகளில் திறன் வகுப்பறைகள் வந்துவிட்டன. ஆசிரியர்களிடம் கையடக்கக் கணினி இருக்கிறது. பாடப் புத்தகத்தில் உள்ள கட்டத்தைப் படம் பிடித்தால் வீடியோ ஓடுகிறது. எல்லாம் நல்லதே. ஆனால் அங்கே பிள்ளை செய்வது பெரும்பாலும் பார்ப்பது. எழுதுவது எங்கே? எழுதியதைப் படிப்பவர் யார்? பெல் மணலைக் கொடுத்தது பிள்ளையின் விரலுக்கு. ஃப்ரெனே ஈய எழுத்தைக் கொடுத்ததும் பிள்ளையின் கைக்கு. பேப்பர்ட் கட்டளையைக் கொடுத்ததும் பிள்ளைக்கே. லட்ச ரூபாய்த் திரை சுவரில் தொங்கினாலும், பிள்ளை கைகட்டி உட்கார்ந்து பார்த்தால், மணல் பரப்பிய அந்தத் திண்ணையைவிட நாம் பின்னால்தான் போயிருக்கிறோம்.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. நம் காலத்துக் கையெழுத்துப் பத்திரிகையை நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு பிரதி, வகுப்பு வகுப்பாகச் சுற்றும். அதையே ஒரு போனில் படம் பிடித்தால் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கும் போகும். படித்துப் பதில் எழுத ஆள் வேண்டும் என்றால், ஓய்வாக இருக்கும் நாம் எதற்கு இருக்கிறோம்? பேரப்பிள்ளை ஏதாவது எழுதிக்கொண்டு வந்தால் 'நல்லாயிருக்கு' என்று தட்டிக்கொடுத்து அனுப்பாமல், நிஜமாகவே ஒரு கேள்வி கேளுங்கள். முடிந்தால் அதை எழுதிக் கேளுங்கள்.

உங்கள் பள்ளியில் கையெழுத்துப் பத்திரிகை இருந்ததா? என்ன பெயர், யார் படம் வரைந்தார்கள்? நினைவிருப்பவர்கள் எழுதுங்கள்.