செம்பூர்: ஒரு புறநகரின் குடிவரலாறு

மும்பைத் தமிழர் 'செம்பூர்' என்று எழுதும்போது அது நம் நாட்டு ஊர்ப்பெயர் போலவே ஒலிக்கிறது. செம்மையான ஊர் எனப் பொருள் கூறி மகிழ்வாரும் உளர். ஆயினும் அப்பெயர் தமிழன்று. நண்டைக் குறிக்கும் 'சிம்போரி' என்னும் மராத்திச் சொல்லின் திரிபு அது என்பது அங்கு வழங்கும் ஒரு விளக்கம். உப்பங்கழியும் சதுப்பும் சூழ்ந்த நிலத்திற்கு அவ்விளக்கம் பொருந்தவே செய்கிறது. மீன்பிடித்த கோளிகளும், நெல் விளைத்தும் உப்பெடுத்தும் வாழ்ந்த ஆக்ரிகளுமே அங்கு முன்னைக் குடிகள்.

1906-இல் குர்லாவிலிருந்து செம்பூருக்கு இருப்புப்பாதை வந்தது. அது மக்களுக்காக வந்ததன்று. பம்பாய் நகரத்தின் குப்பையைச் சுமந்துவந்து கொட்டுவதற்காக வந்தது. மக்கள் ஏறிச் செல்லும் வண்டி 1924-இல்தான் ஓடலாயிற்று. 1947-இல் நாடு பிரிந்தபோது வீடிழந்து வந்த சிந்தியரும் பஞ்சாபியரும் இங்கே முகாம்களில் குடியேறினர். 1950-இல் மாநகராட்சியின் எல்லை புறநகர்களுக்கு விரிந்தது. 1954, 1955 ஆம் ஆண்டுகளில் அருகிலுள்ள டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இரண்டு எழுந்தன. 1956-இல் 'அப்சரா' அணு உலை இயங்கத் தொடங்கியது. வயலும் தோப்புமாக இருந்த சிற்றூர் தொழில் நகரின் பகுதியாயிற்று.

மாதுங்காவில் இடம் போதாமற்போன தமிழ்க் குடும்பங்கள் பல செம்பூருக்கு வந்தன. அலுவலகத்தாரும் ஆசிரியரும் கட்டிய கோயில்களையும் இசையரங்குகளையும் நாம் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். ஆனால் நம்மவர் அவர்கள் மட்டும்தானா? அணுசக்தி நிலையத்தை அடுத்திருந்த ஜனதா காலனியில் கூலி வேலை செய்து வாழ்ந்த தமிழரும் பலர். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. பல்லாயிரம் பேர் சதுப்பு நிலத்தை அடுத்த சீட்டா கேம்ப்புக்கு மாற்றப்பட்டனர். அங்கும் அவர்கள் மண்ணைக் கொட்டி மேடாக்கித் தம் வீடுகளைத் தாமே எழுப்பிக்கொண்டனர்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, செம்பூர் அடங்கிய மேற்கு 'எம்' வட்டத்தில் 4 இலட்சத்துக்கு மேற்பட்டோரும், கோவண்டியும் டிராம்பேயும் அடங்கிய கிழக்கு 'எம்' வட்டத்தில் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோரும் வாழ்ந்தனர். அத்தொகையில் அடுக்ககத்துத் தமிழரும் உளர். சீட்டா கேம்ப்புத் தமிழரும் உளர். மாகுல் கடலோரத்துக் கோளியரும் உளர்.

நம் பிள்ளைகள் பலருக்குச் செம்பூரே பிறந்த ஊர். அதன் வரலாற்றை அவர்களுக்குச் சொல்லும்போது, நமக்கு முன்னிருந்தோரையும் நம்முள் எளியோரையும் விட்டுவிடாமல் சொல்வோமாக.