கன்றிய காயத்துக்கு மருந்து: வெருகற்கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

மகாவலி கங்கையின் கிளைகளுள் ஒன்றாகிய வெருகலாறு கடலை நாடிச் செல்லும் பகுதியில், திருகோணமலை மாவட்டத்தின் தென்னெல்லையை அணைந்து கிடப்பது வெருகல். சித்திரவேலாயுத சுவாமி கோயிலால் அவ்வூர் பெருமை பெற்றது. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செய்யும் அடியார் இக்கோயிலில் இளைப்பாறிச் செல்வது நெடுங்கால வழக்கு. முள் தைத்த பாதமும், கல்லில் இடறிக் கன்றிய விரலும், சுளுக்கிய கணுக்காலும் அந்நெடுவழிப் பயணத்தின் பிரியாத் துணைகளாம். நாட்டார் வழக்கிற் 'கண்டிப்போதல்' எனப்படும் உட்காயத்துக்கு மனிதர் தேடிய மருந்தின் வரலாறு சிறியதொரு பொருளாகத் தோன்றலாம். ஆயினும், மருத்துவ அறிவு எவ்வாறு பிறக்கின்றது, எவ்விடத்தில் மயங்குகின்றது என்பதை அது நன்கு விளக்கவல்லது.

வெருகலுக்கு வடக்கே உள்ளது கொட்டியாரக் குடா. 1659 ஆம் ஆண்டின் இறுதியிற் புயலாற் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் பின்னர் அங்கு வந்து ஒதுங்கியது. அதிலிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞர் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறையிருந்து, 1679 இல் தப்பினார். 1681 இல் இலண்டனில் வெளியான அவரது நூல், இந்நாட்டு மக்களுக்குக் காடே மருந்துக் கடையாக இருந்தமையைக் குறிப்பிடுகின்றது. இலை, பூண்டு, மரப்பட்டை ஆகியவற்றால் அவர்கள் உண்மருந்தும் மேற்பூச்சும் செய்துகொண்டனர் என்பது அவர் கூற்றின் சாரம்.

அவ்வழக்கம் கீழைக்கரையிலே தொடர்ந்து வாழ்ந்தது. நொச்சியிலையை வதக்கி ஒத்தணங் கொடுத்தல், ஆமணக்கிலையைச் சூடாக்கிக் கட்டுதல், மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பற்றுப் போடுதல், புக்கை கட்டுதல், நோவெண்ணெய் பூசுதல் என்பன தமிழர் இல்லங்கள் நன்கறிந்தவை. எலும்பு முறிந்தோர் முறிவு வைத்தியரை நாடினர். அவரது கலை பெரும்பாலும் தந்தையிடமிருந்து மைந்தனுக்குச் செய்கையால் வந்தது. எழுத்தால் வந்தது குறைவு.

வீக்கத்துக்கன்றி, தோல் கிழிந்த சிறு காயத்துக்குக் கசக்கிப் பிழியப்படுவது வெட்டுக்காயப் பூண்டு. வேலியோரத்தும் வயல்வரம்பிலும் தானே முளைக்கும் இதனைத் தொன்றுதொட்டு நம் மண்ணுக்குரியதெனப் பலர் கருதுவர். உண்மையில் இதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. ஐரோப்பியர் கடல்வழி திறந்த பின்னரே அது கீழைநாடுகளிற் பரவியது. அயலிலிருந்து வந்த பூண்டையும் கையாண்டு பார்த்துத் தமதாக்கிக்கொண்டனர் நம் முன்னோர் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வெட்டுக்காயப் பூண்டு சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்திற் பிறந்த வேறொரு செடி ஐரோப்பிய மலைகளில் மஞ்சட் பூவோடு வளர்கின்றது. அதுவே ஆர்னிக்கா. விழுந்து அடிபட்டோருக்கு உதவுவது எனக் கருதி, ஜேர்மானிய நாட்டுப்புற மக்கள் அதற்கு 'வீழ்ச்சிப் பூண்டு' எனப் பொருள்படும் பெயரொன்றையும் வழங்கினர். ஒத்ததை ஒத்ததாற் குணப்படுத்தலாம் என்னும் கொள்கையை 1796 இல் வெளியிட்ட ஹானிமன் என்னும் ஜேர்மானிய மருத்துவர், 1811 இல் வெளிவரத் தொடங்கிய தமது மருந்தியல் நூலில் இச்செடியையும் சேர்த்துக்கொண்டார். இவ்வாறு நாட்டு மருந்தொன்று ஹோமியோபதி மருந்தாயிற்று.

அம்முறை இந்தியாவுக்கு விரைவிலேயே வந்தது. 1839 இல் ஹொனிக்பெர்கர் என்பார் பஞ்சாப் மன்னர் ரஞ்சித் சிங்குக்கு அம்முறைப்படி மருந்தளித்தார். கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் 1867 இல் அதனை வெளிப்படையாக ஆதரித்தார். மங்களூரில் முல்லர் அடிகளார் 1880 இல் ஏழைகளுக்கென ஹோமியோபதி மருந்தகம் நிறுவினார். இலங்கையில் 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்த, யுனானி முறைகளையும் உள்ளடக்கியது. ஹோமியோபதிக்கெனத் தனிச்சட்டம் 1970 இல் எழுந்தது.

ஈண்டு ஒரு வேறுபாடு ஊன்றி நோக்கத்தக்கது. புக்கையிலே இலை உண்டு. பற்றிலே மஞ்சள் உண்டு. ஆர்னிக்காக் களிம்புகள் சிலவற்றிலும் செடியின் சாறு உண்டு. ஆனால், ஹோமியோபதிக் குளிசை செய்யும் முறை வேறு. சாற்றில் ஒரு பங்கை நூறு பங்காக்குவர். அந்நூறில் ஒரு பங்கை மீண்டும் நூறாக்குவர். இதனை 30 முறை செய்தது முப்பதாம் வீரியம் எனப்படும். பொருளின் மூலக்கூறுகள் எண்ணத்தக்கவை என நிறுவிய நவீன இரசாயனத்தின்படி, ஏறத்தாழப் பன்னிரண்டாம் படியைக் கடந்தபின் மூலச்செடியின் ஒரு மூலக்கூறேனும் எஞ்சுவது அரிது. 2003 இல் பிரித்தானியாவின் அரச மருத்துவக் கழகச் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்றில், கையில் அறுவைச் சிகிச்சை பெற்றோரிற் சிலருக்கு ஆறாம் வீரியமும், சிலருக்கு முப்பதாம் வீரியமும், சிலருக்கு மருந்தற்ற வெறுங்குளிசையும் வழங்கப்பட்டன. நோவிலும் வீக்கத்திலும் கன்றலிலும் ஆர்னிக்கா வெறுங்குளிசையை விஞ்சவில்லை.

அவ்வாறாயின் இரு நூற்றாண்டுகளாகப் பலர் அதனைப் புகழ்ந்தது எங்ஙனம்? விடை காயத்தின் இயல்பிலேயே உண்டு. தோலின் கீழ்க் கசிந்த குருதியை உடல் தானே கரைத்து அகற்றும். கருநீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, ஏறக்குறைய இரண்டு கிழமைகளில் மறைந்துவிடும். தானே ஆறும் நோய்க்கு இடையிற் கொடுத்த எம்மருந்தும் புகழ் பெறும். நன்றி உடலுக்கு உரியது. அதனைப் பெறுவது குளிசை.

இவ்வுண்மையைப் பிறர் மருந்துக்கு மட்டும் கூறி, நம் மருந்துக்குக் கூறாதொழிதல் நடுவுநிலைமையன்று. நம் பற்றும் புக்கையும் அதே காயத்துக்கே இடப்படுகின்றன. அவற்றுள் எது வீக்கத்தை மெய்யாகவே தணிக்கின்றது, எது அடிபட்ட உறுப்பை அசையாது கட்டி வைத்தமையாலே பயன் தருகின்றது, எது வெறும் ஆறுதல் என்பவற்றை ஒரே துலாக்கோலால் நிறுத்தறிதல் வேண்டும். மானிப்பாயிலே தமிழில் மருத்துவம் கற்பித்த கிறீன் வைத்தியர் 1867 இல் 'இரண வைத்தியம்' என்னும் மொழிபெயர்ப்பு நூலை வெளியிட்டார். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் பயிலலாம் என அந்நூல் காட்டியது. நம் நாட்டு வைத்தியரின் அனுபவத்தையும் அவ்வாறே நூலாக்கிச் சோதனைக்கு உட்படுத்தும் பணி பெரும்பாலும் எஞ்சிக் கிடக்கின்றது.

அப்பணிக்குக் காலம் காத்திராது. 2004 இன் ஆழிப்பேரலையும், 2006 இல் வெருகல், ஈச்சிலம்பற்று மக்களைப் பெயர்த்தெறிந்த போரும் கரையோர ஊர்களைக் குலைத்தன. செய்கையால் மட்டும் வந்த அறிவு, செய்பவர் சிதறுங்காற் சிதறும். முதியவர் ஒருவர் மறையுங்கால் அவரோடு மறையும்.

ஆகவே, மாணவர் செய்யத்தக்கது தெளிவு. இலையின் பெயர், சேர்க்கும் அளவு, கட்டும் முறை, அவிழ்க்கும் நாள் என்பவற்றை முதியோரிடம் கேட்டெழுதுக. எழுதியதனாலேயே அது மெய்யென்று கொள்ளாது, அறிந்தோர் ஆராய ஒப்படைக்குக. தலையில் அடிபட்டு மயங்கினோர், எலும்பு முறிந்தோர், துருப்பிடித்த இரும்பு பாய்ந்தோர் ஆகியோரைத் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்புக. கல்லில் இடறிய அடியாருக்கு வெருகற்கரையில் ஒத்தணமிடும் கை அன்புடைய கை. அவ்வன்போடு ஆராய்ச்சியும் சேருமாயின், நொச்சியிலும் மஞ்சளிலும் உள்ள மெய்ப்பயன் வருங்காலத்தார்க்கும் கிட்டும்.