சிவந்த குழாயும் இரண்டு கம்பிகளும்



வெப்பமானி என்றால் நம் மாணவர்கள் கண்ணாடிக் குழாயை வரைந்து காட்டுவர். 900 டிகிரி செல்சியசைத் தாண்டும் புகையை அளக்க அது உதவாது. டர்போ பொருத்திய எந்திரத்தின் வெளியேற்றுக் குழாயில் செருகப்படுவது இரண்டு உலோகக் கம்பிகளின் முடிச்சுதான். அம்முடிச்சின் வரலாறு சுவையானது.

1821இல் பெர்லினில் தாமஸ் சீபெக், இருவேறு உலோகங்களை வளையமாக இணைத்து ஓர் இணைப்பை மட்டும் சூடாக்கினார். அருகிலிருந்த காந்த ஊசி அசைந்தது. வெப்பம் காந்தத்தை உண்டாக்குகிறது என்றே அவர் கருதினார். அது மின்னோட்டத்தின் விளைவு என விளக்கியவர் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட். (கண்டதும் கொண்ட பொருளும் வேறுவேறு என்பதற்கு இதைவிட நல்ல வகுப்பறை எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.) 1880களில் பிரான்சின் லெ ஷாத்தலியே பிளாட்டினக் கம்பிகளைக் கொண்டு உலைகளின் வெப்பத்தை நம்பத்தக்க வகையில் அளந்தார். இன்று எந்திரங்களில் பெரிதும் பயன்படுவது நிக்கல் கலவைகளாலான ‘கே’ வகை. ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 41 மைக்ரோவோல்ட் மட்டுமே அது தரும், அதுவே போதும்.

இனி டர்போவுக்கு வருவோம். வீணாகும் புகையைக் கொண்டு ஒரு சுழலியைச் சுற்றி, அச்சுழலியால் காற்றை அழுத்தி எந்திரத்துக்குள் செலுத்தலாம் எனச் சுவிட்சர்லாந்தின் ஆல்பிரட் பூக்கி 1905இல் காப்புரிமை கோரினார். அதை மலையுச்சியில் மெய்ப்பித்தவர் அமெரிக்காவின் சான்ஃபோர்ட் மாஸ். முதல் உலகப் போரின்போது உயரத்தில் பறக்கும் விமானங்கள் வலுவிழந்தன. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. 1918இல் மாஸ் ஒரு லிபர்ட்டி விமான எந்திரத்தை லாரியில் ஏற்றி, கொலராடோவிலுள்ள பைக்ஸ் சிகரத்தின் ஏறக்குறைய 4,300 மீட்டர் உயரத்திற்குக் கொண்டு சென்றார். தரையில் 350 குதிரைத்திறன் தந்த எந்திரம் அங்கே 230 மட்டுமே தந்தது. டர்போவைப் பொருத்தியதும் 356 தந்தது! ஆனால் அதற்கு ஈடாக, சுழலியின் இதழ்கள் செந்தணலாய்க் காயும் புகையிலேயே சுழல வேண்டியிருந்தது. உலோகம் தாங்குமா என்பதே டர்போவின் நெடுங்காலச் சிக்கல்.

பெட்ரோல் எந்திரங்களில் இதற்கு ஒரு செலவாளித் தீர்வு உண்டு: தேவைக்கு மேல் பெட்ரோலைத் தெளித்துப் புகையைக் குளிர்விப்பது. எத்தனாலின் சிறப்பு இங்கேதான் விளங்கும். ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆவியாகும்போது அது உறிஞ்சும் வெப்பமும் இரு மடங்குக்கு மேல். ஆக, ஒரே அளவு காற்றுக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு குளிர்ச்சி. ‘நாக்’ எனப்படும் தட்டல் எளிதில் எழாது. தீப்பொறியை முன்கூட்டியே தரலாம். புகையும் அவ்வளவாகக் கொதிக்காது. பிரேசில் 1975இல் எத்தனால் திட்டத்தைத் தொடங்கி, 1979இல் ஃபியட் 147 காரை எத்தனாலில் ஓடவிட்டது. அதில் டர்போ இல்லை. சுவீடனின் சாப் நிறுவனம் 2005இல் 9-5 பயோபவர் என்னும் டர்போ காரை வெளியிட்டது. பெட்ரோலில் 150 குதிரைத்திறன். 85 விழுக்காடு எத்தனால் கலந்த எரிபொருளில் 180.

இவ்வெண்களைப் படித்துவிட்டுக் காரை மாற்றியமைக்கும் இளைஞர்கள் நம்மிடையே உளர். அவர்தம் பெற்றோர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 85 விழுக்காட்டுக் கலவை, பெட்ரோலைவிட 30 முதல் 40 விழுக்காடு கூடுதலாகப் பாய வேண்டும். பம்பும் இஞ்செக்டரும் பழையனவாகவே இருந்தால் எரிபொருள் பற்றாது; குளிர்ச்சியும் போய்விடும். முழு வேகத்தில் பிஸ்டன் உருகச் சில நொடிகளே போதும். காசு மட்டுமா போகும், ஓட்டுபவனின் உயிரும் அந்நொடியில் ஊசலாடும்.

ஆயினும் மீட்டர் காட்டும் எண்ணை மட்டும் நம்புவது தவறு என்பதே என் கருத்து. தீப்பொறி தாமதமானாலும் புகைச்சூடு ஏறும். எரிபொருள் மிகவும் குறைந்துவிட்டால் சூடு இறங்கவும் செய்யும். ஆகவே காற்று–எரிபொருள் விகிதங்காட்டும் கருவியையும் உடன் பார்த்தாக வேண்டும். கம்பி முடிச்சைச் சுழலிக்கு முன்னால் வைத்தால் உண்மைச் சூடு தெரியும். ஆனால் முனை ஒடிந்தால் நேரே சுழலி இதழ்களில் மோதும். பின்னால் வைத்தால் அவ்வச்சமில்லை. சுழலி வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் எண் குறைவாகவே காட்டும். தரமான முடிச்சை வாங்கி முன்னால் வைப்பதையே நான் சரியென்பேன்.