மரப் பேனாக் கடைசல்

வயிரம் பாய்ந்த மரத்துண்டை லேத்தில் சுழலவிட்டு, உளியால் சீவிப் பேனாவின் உடலாக்கும் கைவினை மரப் பேனாக் கடைசல் எனப்படும். மென்மரத்திலும் பேனா கடையலாம். ஆனால் கையில் கனம் தெரியவும், நூல் கனத்துக்குச் சீவிய பிறகும் உடையாமல் நிற்கவும் அடர்ந்த மரமே ஏற்றது. கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம் அத்தகைய மரங்களின் இருப்பிடம்.

எல்லைக்கு அப்பால் சென்னபட்டணத்தில் பொம்மைக் கடைசல் வேலை நெடுங்காலமாக நடக்கிறது. அங்கு பொம்மைக்கு எடுப்பது வெட்பாலை. வெளுத்த, மெத்தென்ற மரம். சுழலும் பொம்மைமேல் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் அரக்கு உருகிப் பரவும். தாழை ஓலையால் தேய்த்தால் பளபளக்கும். அங்கே அழகு அரக்கின் நிறத்தில் இருக்கிறது. மரப் பேனாவிலோ மரத்தின் சொந்த நிறமும் ரேகையுமே அழகு.

தென்னிந்தியாவில் கையால் கடைந்த பேனாவுக்குப் பேர்போன ஊர்கள் ராஜமுந்திரியும் திருவள்ளூரும். அங்கே பெரிதும் பயன்படுவது எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். கருங்காலியைப் போலக் கறுத்து இறுகியிருப்பதால் அம்மரத்தின் ஆங்கிலப் பெயரையொட்டியே அதற்குப் பெயர் வைத்தார்கள். மரம் மையை உறிஞ்சும், ஈரத்தில் உப்பும்; எபோனைட்டுக்கு அந்தக் குறை இல்லை. மரத்தின் இந்தக் குறையால்தான் மரப் பேனாக்களில் பெரும்பாலானவை ரீஃபில் போடும் வகை. மை ஊற்றும் பேனாவானால் நிப்பைத் தாங்கும் பகுதியும் மைக்கூடும் மரமல்லாத பொருளில் தனியே அமையவேண்டும்.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டார மரங்களில் முதலிடம் ஆச்சாவுக்கு. இரட்டை இலை கொண்ட இந்த மரம் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்து வறண்ட காடுகளுக்கு உரியது. தேக்கு ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோ இருக்கும். ஆச்சாவின் வயிரமோ தண்ணீரில் மூழ்கும். நிறம் கருஞ்சிவப்பு. பொரசு, ஈழத்தில் முதிரை என்று சொல்லப்படுவது, பொன்னிறத்தில் பட்டுப்போல் மின்னும். அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். கருங்காலி என்று கேட்டு வாங்குபவர் கவனமாக இருக்கவேண்டும். கன்னங்கறுப்பான கருங்காலி ஒன்று. சித்த மருத்துவத்தில் அதே பெயரால் வழங்கும் முள்மரம், உள்ளே செம்பழுப்பான வேறொன்று. புளியின் வயிரத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. கறிக்கடையில் கத்திவெட்டு தாங்கும் அடிக்கட்டை புளிதான். முதிய மரத்தின் நடுவில் மட்டும் கிடைக்கும் ஊதா கலந்த கரும்பழுப்பு வயிரம், வெளிநாட்டு மரம் எதற்கும் குறைந்ததல்ல.

வேலை துளையில் தொடங்குகிறது. சுமார் 13 செ.மீ. நீளமும் 2 செ.மீ. கனமும் உள்ள கட்டையை இரண்டாக அறுத்து, ஒவ்வொன்றிலும் நடுவே துளையிடுவார்கள். மெல்லிய பேனாவுக்கு 7 மி.மீ. அடர்மரத்தில் பெரும்பாலான துண்டுகள் பாழாவது இந்த இடத்தில்தான். தூள் வெளியேறாமல் அடைத்துக்கொள்ள, சூடேறி மரம் வெடிக்கும். ட்ரில்லை அடிக்கடி வெளியே இழுத்துத் தூளைத் தட்டி, ஆறவிட்டு மீண்டும் இறக்குவதே வழி. துளையில் பித்தளைக் குழாயை ஒட்டுவார்கள். எண்ணெய்ப்பசையுள்ள மரமானால் முதலில் அசிட்டோனால் துடைத்தால்தான் பசை பிடிக்கும். பிறகு கம்பியில் கோத்து, இருபுறமும் அளவு வளையம் வைத்து, மரம் வளையத்தின் மட்டத்துக்கு இறங்கும்வரை சீவுவார்கள்.

ஓசூரில் 1970களில் சிப்காட் தொழில் வளாகம் வந்தபின் லேத் பட்டறைகள் பெருகின. ஆனால் இரும்பு லேத்தில் உளியைப் பொறியே பிடிக்கிறது. மர லேத்தில் கை பிடிக்கிறது. இரும்பில் தேர்ந்தவர் அளவு வளையத்தையும் கம்பியையும் துல்லியமாகச் செய்துவிடுவார். ஆச்சாவின் ரேகை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று உளிமுனையில் உணர்வது வேறு பயிற்சி. கடைசியில் உப்புத்தாள், 150இல் தொடங்கி 600க்கு மேல். லேத்தை நிறுத்தி ரேகையோடு ஒருமுறை தேய்க்காவிட்டால் வட்டக் கீறல் தங்கிவிடும். சிலர் மேலே பசைப் பூச்சு ஏற்றுகிறார்கள். ஆச்சாவுக்கு அது தேவையில்லை, மெழுகே போதும். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. முகமூடி இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

மரம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014இலும், காவிரி தெற்கு 2022இலும் அறிவிக்கப்பட்டன. சரணாலயத்திலிருந்து வணிகத்துக்காக மரம் எடுப்பதைச் சட்டம் தடுக்கிறது. விழுந்த கட்டைக்கும் இது பொருந்தும். பேனாவுக்குக் காட்டு மரம் தேவையும் இல்லை. உடைந்த உலக்கை, பழைய மாட்டுவண்டியின் கட்டைகள், இடித்த வீட்டுத் தூண், பட்டுப்போன புளி ஆகியவற்றில் பல்லாண்டு உலர்ந்த வயிரம் இருக்கிறது. ஒரு முழ உலக்கைத் துண்டில் பத்துப் பேனாவுக்கான கட்டை தேறும்.